மூலையில் விட்டுப்போன அளவு

6 ஜூன் 1994, திங்கள்

இந்த நோட்டு என் ஆசைக்கு வாங்கியதல்ல. டிராயிங் செக்‌ஷன் கோகிலவாணி மேடம் சொல்லி வாங்கியது. "டெய்லி கத்துக்கிட்டத ஊட்டுக்குப் போயி எழுதுங்கண்ணா. எழுதுனாத்தான் மனசுல நிக்கும்" என்றார். எனக்கு வயது நாற்பத்தாறு. அந்த அம்மிணிக்கு இருபத்தேழு. அம்மிணி என்று கூப்பிட்டதற்கு இன்று ஒரு முறை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மோட்டார் பம்ப் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் லேத்தில் நின்று இரும்பு கடைந்தவன் நான். முதுகெலும்பில் டிஸ்க் நகர்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி நின்று செய்யும் வேலை கூடாது. மேனேஜர் கூப்பிட்டு, மூன்று மாதம் மாடியில் டிராயிங் கற்றுக்கொள், வந்தால் அங்கேயே உட்கார்ந்துகொள், வராவிட்டால் கணக்கை முடித்துவிடலாம் என்றார். ஆகஸ்ட் கடைசி வரை கெடு.

இன்று படித்தது: கண்ணுக்குத் தெரியும் விளிம்புக்குத் தடித்த கோடு. அளவு காட்ட மெல்லிய கோடு. உள்ளே மறைந்திருப்பதற்கு விட்டுவிட்டுப் போடும் கோடு. நடு அச்சுக்கு நீளம், குட்டை, நீளம், குட்டை என்று ஒரு கோடு. இதையெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் இத்தனை வருஷம் கடைந்தேன், எனக்கே பாடமா என்று உட்கார்ந்தேன். பென்சிலைப் பிடித்ததும்தான் தெரிந்தது. தடித்த கோடும் மெல்லிய கோடும் என் கையில் ஒரே மாதிரி வருகின்றன.

9 ஜூன், வியாழன்

அம்புக்குறி மட்டும் இருநூறு போட்டேன். நீளம் அகலத்தைப்போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும், நுனி கோட்டைத் தொட வேண்டும், தாண்டக் கூடாது. நான் போட்டதெல்லாம் கோழிக்கால் மாதிரி இருக்கிறதாம்.

சிறுவாணித் தண்ணீர் ஐந்து நாள் கழித்து வந்தது. குடம் தூக்கக் கூடாது என்று பூங்கொடி என்னைக் குழாய்ப் பக்கமே விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பார்க்க, என் மனைவி பன்னிரண்டு குடம் சுமந்தாள்.

15 ஜூன், புதன்

மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் பழைய கப்ளிங் ஒன்றைக் கொடுத்து டிராயிங் போடச் சொன்னார். கடைகிறவனுக்கு எந்தச் சந்தேகமும் வரக் கூடாது என்று எல்லா அளவையும் எழுதினேன். முன்பக்கத் தோற்றத்தில் எழுதியதைப் பக்கத் தோற்றத்திலும் எழுதினேன். மேடம் சிவப்புப் பென்சிலை எடுத்துப் பதினேழு வட்டம் போட்டார்.

"ஒரு அளவை ஒரே ஒருக்காத்தான் எழுதணுமுங்கண்ணா. நாளைக்கு ஒரு பக்கம் மாத்திட்டு இன்னொரு பக்கம் மாத்தாம உட்டா, கீழ இருக்கறவன் எதை நம்புவான்?"

"படிக்கறவனுக்கு உதவியா இருக்கட்டும்னுதானுங்க…"

"உதவி இல்லீங்க, குப்பை. தேவையில்லாததைக் கழிங்க."

அறையில் மற்ற இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அரை நூல் பிசகாமல் கடைகிறவன் என்று கீழே எனக்குப் பெயர். பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு வந்தேன். அவமானமாக இருந்தது.

22 ஜூன், புதன்

சிவப்பு வட்டம் ஒன்பது.

27 ஜூன், திங்கள்

நான்கு. இடுப்பு பெல்ட் உரசித் தோல் புண்ணாகிவிட்டது. பூங்கொடி தேங்காய் எண்ணெய் தடவினாள்.

1 ஜூலை, வெள்ளி

என் முதல் சொந்த டிராயிங். புது மாடல் பம்புக்குள் சுழலும் தண்டு, ஷாஃப்ட். டிரேசிங் தாளில் மசியால் போட்டேன். இதிலிருந்து பிரிண்ட் எடுத்துக் கீழே கொடுப்பார்கள். பெயர்க் கட்டத்தில் ‘வரைந்தவர்’ என்ற இடத்தில் என் கையெழுத்து.

ஷாஃப்ட் என்பது ஒரே தடிமன் இல்லை. பேரிங் உட்காரும் இடம் ஒரு தடிமன், அதற்கு அடுத்தது வேறு. தடித்த பாகமும் மெலிந்த பாகமும் சேரும் அந்த மூலையில் ஒரு சின்ன வளைவு, ரேடியஸ், விடுவது வழக்கம். கூராக விட்டால் அந்த இடத்தில்தான் வெடிப்பு ஆரம்பிக்கும். போடலாமா என்று யோசித்தேன். எந்த டர்னர் மூலையைக் கூராக விடுவான்? நான் இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு டிராயிங்கைப் பார்த்தா ரேடியஸ் விட்டேன்? கை தானாக விடும். இதையும் எழுதினால் மேடம் குப்பை என்பார். விட்டுவிட்டேன்.

அவருக்கு ஈரோட்டில் அக்கா வீட்டு விசேஷம். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று நின்றபடியே பார்த்தார். "சுத்தமா இருக்குதுங்கண்ணா" என்று ‘சரிபார்த்தவர்’ இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார். சிவப்பு வட்டம் ஒன்றுகூட இல்லை! வரும்போது கால் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தேன்.

5 ஜூலை, செவ்வாய்

என் ஷாஃப்ட்டை அந்தோணிசாமி கடைகிறான். திண்டுக்கல் ஆள், முப்பது வயதிருக்கும், சேர்ந்து நான்கு மாதம்தான். இதற்கு முன் பூட்டுப் பட்டறையில் சின்ன வேலைகள் செய்தவனாம். என் லேத்தை அவனுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். நான் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டைத் துடைத்துவிட்டான் என்று கேள்வி.

இன்று மாடிக்கு வந்துவிட்டுப் போனான்.

12 ஜூலை, செவ்வாய்

முதல் ஐந்து ஷாஃப்ட்டும் பம்பில் ஏறிவிட்டன. டெஸ்டிங்கில் குப்புராஜ் மூன்று நாள் நிறுத்தாமல் ஓட்டிப் பார்க்கிறான். நானும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சாப்பாட்டு நேரத்தில், "என்னடா, பெரிய ஆபீசராயிட்ட, கோட்டு சூட்டு எப்போ?" என்று கேலி செய்தான். மனசு நிறைந்திருந்தது.

14 ஜூலை, வியாழன்

காலை பதினொன்றரை மணிக்கு டெஸ்டிங்கில் ஷாஃப்ட் முறிந்தது. கப்ளிங் தெறித்துக் குப்புராஜின் வலது கையில் அடித்துவிட்டது. மணிக்கட்டுக்கு மேலே இரண்டு எலும்பும் போய்விட்டன என்றார்கள். ஆம்புலன்சுக்குக் காத்திராமல் கம்பெனி வேனிலேயே கொண்டுபோனார்கள்.

முறிந்த துண்டைப் பார்த்தேன். மூலையில்தான்.

15 ஜூலை, வெள்ளி

காலையில் எல்லோருக்கும் முன்னால் போய்விட்டேன். ஷாஃப்ட் டிராயிங்கில் ஒரு சின்ன விஷயம் விட்டுப்போயிருந்தது. பிளேடால் மூலையைச் சுரண்டி, வளைவு போட்டு, மூன்று மில்லிமீட்டர் ரேடியஸ் என்பதற்கு R3 என்று எழுதி வைத்தேன். டிராயிங்கில் மாற்றம் செய்தால் ஓரக் கட்டத்தில் அடையாள எழுத்தும் தேதியும் கையெழுத்தும் போட வேண்டும், கீழே உள்ள பழைய பிரிண்டைத் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் இது மாற்றம் இல்லை. விட்டுப்போனதைச் சேர்ப்பது எப்படி மாற்றமாகும்? அதனால் கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. பழைய பிரிண்டை மட்டும் விதிப்படி போய் எடுத்து வந்தேன்.

வேலை நிறைய. முதுகு வலி அதிகம்.

16 ஜூலை, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். எலும்பில் உலோகத் தகடு வைத்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். விரல் நுனிகள் வீங்கிக் கறுத்துக் கிடந்தன. குப்புராஜின் மனைவி ராஜாமணி அவனுக்கு இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தது.

"அந்தத் திண்டுக்கல்காரன் மூலையக் கூரா உட்டுருக்கறான் மருதாசலம். ரேடியஸ் உடோணும்ன்ற அறிவுகூட இல்லாதவனை உன்ற லேத்துல நிறுத்துனாங்க பாரு! நீ இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா?"

"ஆகாதுடா" என்றேன்.

வாங்கிப்போன சாத்துக்குடியை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

18 ஜூலை, திங்கள்

அந்தோணிசாமிக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள். டிராயிங்கில் காட்டிய ரேடியஸை விடாமல் அஜாக்கிரதையாக வேலை செய்தான் என்று குற்றம். வெள்ளிக்கிழமை என்கொயரி. பதில் சரியில்லை என்றால் வேலை போய்விடும். இன்னும் நிரந்தரம் ஆகாதவன். போன மாதம்தான் பெண்சாதியையும் கைக்குழந்தையையும் ஊரிலிருந்து கூட்டிவந்து ரத்தினபுரியில் வீடு பிடித்திருக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள்.

மெமோ எழுதுவதற்கு முன் மேனேஜர் டிரேசிங்கைக் கேட்டு அனுப்பியிருந்தார். கோகிலவாணி மேடம் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூலையை விரலால் தடவினார். ஒரு தடவை, இரண்டு தடவை. சுரண்டிய இடம் சொரசொரப்பாகத்தான் இருக்கும், என்ன செய்தாலும் பழைய வழவழப்பு வராது. என்னைப் பார்த்தார். நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

"இதுல என்ற கையெழுத்தும் இருக்குதுங்கண்ணா" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். பிறகு சுருட்டிக் கொடுத்தனுப்பிவிட்டார்.

19 ஜூலை, செவ்வாய்

ஆடிக் காற்று. மாடி ஜன்னல் அடித்துக்கொண்டே இருந்தது. காகிதக் கட்டை வைத்து நிறுத்தினேன்.

"ஏனுங்க, சோறு அப்படியே இருக்குதே" என்றாள் பூங்கொடி. பசியில்லை என்றேன். "குப்புராஜண்ணனுக்கு அடிபட்டது மனசுல உறுத்துதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அது பொய் இல்லை.

20 ஜூலை, புதன்

ஐந்தாம் தேதி பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ‘இன்று மாடிக்கு வந்துவிட்டுப் போனான்’ என்று ஒரே வரி எழுதியிருக்கிறேன். என் சொந்த நோட்டில், யாரும் படிக்காத நோட்டில், அதற்கு மேல் எழுத எனக்குத் தைரியம் இல்லை. இன்று முழுதாக எழுதுகிறேன்.

அவன் வந்தபோது கையில் என் ஷாஃப்ட்டின் பிரிண்ட் இருந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு என் மேசைக்கு வந்தான்.

"அண்ணே, இந்த மூலையில ரேடியஸ் ஒண்ணும் காட்டலையே. அப்படியே கூரா விட்டுறவா, இல்ல எதுவும் விடணுமாண்ணே?"

கேட்க வேண்டியதைத்தான் கேட்டான். மேடம் ஈரோட்டிலிருந்து திரும்பவில்லை. மற்ற இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சிவப்பு வட்டமே விழாத என் டிராயிங்கில், என் லேத்தைப் பிடுங்கிக்கொண்ட ஒரு வெளியூர்க்காரன் ஓட்டை கண்டுபிடிக்கிறானே என்று எனக்குச் சுர்ரென்று வந்தது.

"டிராயிங்ல என்ன இருக்குதோ அதைச் செய்யி. படிக்கத் தெரியாதவனெல்லாம் எதுக்கு லேத்துல வந்து நிக்கறே?"

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். டிராயிங்கில் இருந்ததை அப்படியே செய்தான்.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை நான் எடுத்து வந்த பிரிண்டில், அந்த மூலைக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான். அதை நாலாக மடித்து டிபன் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, வெந்நீர் அடுப்பில் வைத்தேன். பூங்கொடி பார்த்தாள். பழைய காகிதம் என்றேன்.

21 ஜூலை, வியாழன்

சொன்னால் என்ன ஆகும் என்று எழுதிப் பார்க்கிறேன். மூன்று மாதக் கெடுவுக்கு முன்பே என் வேலை போகும். இந்த முதுகை வைத்துக்கொண்டு வேறு எவன் என்னைச் சேர்த்துக்கொள்வான்? மேடத்துக்கும் மெமோ வரும். குப்புராஜ் முகத்தில் விழிக்க முடியாது.

சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. அந்தோணிசாமி சின்ன வயசுக்காரன், எங்காவது பிழைத்துக்கொள்வான். இதைத்தான் காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

22 ஜூலை, வெள்ளி

மூன்று மணிக்கு என்கொயரி. மேனேஜர், யூனியனிலிருந்து ஒருவர், கோகிலவாணி மேடம், நான், அந்தோணிசாமி. அவன் மட்டும் நின்றுகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை போட்டு, தலை படியச் சீவி வந்திருந்தான்.

மேனேஜர் கேட்டார். அவன் சொன்னான்: "டிராயிங்ல ரேடியஸ் இல்ல சார். மேல போயி அண்ணன்கிட்டயும் கேட்டேன்."

மேனேஜர் டிரேசிங்கை மேசையில் விரித்து, இங்கே என்ன எழுதியிருக்கிறது, படி என்றார்.

அந்தோணிசாமி குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். விரலை R3 மேல் வைத்தான். அவன் கோபப்படுவான், யாரோ மாற்றிவிட்டார்கள் என்று கத்துவான் என்று நினைத்துத்தான் நான் போயிருந்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அல்லது வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். அவன் கத்தவில்லை.

"இருக்கு சார்" என்றான். "எப்பிடி என் கண்ணுல படாமப் போச்சுன்னு தெரியல. வேற ஏதோ டிராயிங்கப் பாத்துட்டுப் போயி அண்ணன்கிட்டக் கேட்டனோ என்னமோ… எனக்கு இல்லைன்னுதான் ஞாபகம் சார். ஆனா இருக்குதே."

யூனியன்காரர் என் பக்கம் திரும்பி, "கேட்டானா மருதாசலம்?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவனே சொன்னான்: "அண்ணனை விட்டுருங்க சார். அவரு அந்த லேத்துலயே இருந்தவரு, அவரு டிராயிங்கு தப்பா இருக்காது. தப்பு என் கண்ணுலதான்."

லேத்தில் நிற்கிறவனுக்குக் கண்ணைத் தவிர வேறு சொத்து இல்லை. அதை நான் பிளேடால் சுரண்டியிருக்கிறேன்.

"கேட்டான் சார்" என்றேன். "ரேடியஸ் இல்லியான்னு கேட்டான். டிராயிங்ல இருக்கறதச் செய்யின்னு நாந்தான் வெரட்டி உட்டேன். அப்போ டிராயிங்ல இல்லீங்க. குப்புராஜ் அடிபட்டதுக்கு மறுநா காலைலதான் நான் எழுதுனேன். கீழ இருந்த பிரிண்டை எடுத்துட்டுப் போயி எரிச்சுட்டேன்."

மேனேஜர் மேடத்தைப் பார்த்தார். மேடம் எழுந்து நின்று, "திங்கக்கிழமை கையில எடுத்ததுமே எனக்குத் தெரியுமுங்க சார். முதல்ல சரியாப் பாக்காம கையெழுத்துப் போட்டதும் நாந்தான்" என்றார். அந்த அம்மிணியைச் சும்மா இருக்கவைக்கும் அளவுக்கு என் தப்பு போயிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

வெளியே வராந்தாவில் அந்தோணிசாமி சுவரோரமாக நின்றிருந்தான். மன்னிச்சுக்கோ தம்பி என்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. "நெசமாவே இல்லைல்லண்ணே? நான் பாத்தப்ப அது இல்லைல்ல?" என்று கேட்டான். இல்லை என்றேன். இன்னொரு முறை கேட்டான். இன்னொரு முறை சொன்னேன்.

24 ஜூலை, ஞாயிறு

பூங்கொடியிடம் வெள்ளிக்கிழமையே எல்லாம் சொல்லிவிட்டேன். "அடுப்புல வெச்சப்பவே நெனச்சேன்" என்றாள். பிறகு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. இன்று காலையில் பெல்ட்டை எடுத்து வந்து கட்டிவிட்டாள். பக்கத்துத் தெருவில் பனியன் தைக்கும் இடத்தில் ஆள் கேட்கிறார்களாம், போய்ப் பார்க்கிறேன் என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்க் குப்புராஜிடம் சொன்னேன். முழுவதும் கேட்டான். "நான் அவனைப் போயி வாயில வந்தபடி பேசிட்டிருந்தேன். நீயும் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டுத்தான இருந்தே?" என்றான். கட்டுப் போட்ட கையைத் தூக்கி நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான். ராஜாமணி வெளியே வரை வந்து, இனிமேல் வராதீங்கண்ணா, கொஞ்ச நாளைக்கு என்றது.

28 ஜூலை, வியாழன்

முடிவு தெரியும்வரை வீட்டில் இருக்கச் சொன்ன கம்பெனியிலிருந்து கடிதம் இன்னும் வரவில்லை. ரேஷனில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். க்யூவில் நிற்க முடியாமல் படியில் உட்கார்ந்தேன்.

5 ஆகஸ்ட், வெள்ளி

மேடம் வீட்டுக்கே கடிதத்தைக் கொண்டுவந்தார். வேலை முடிந்தது என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். அவருக்கு எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்களாம். பூங்கொடி காப்பி கொடுத்தாள்.

குப்புராஜின் விரல் மூன்று அசைகிறதாம். கட்டைவிரல் பிறகுதான் தெரியும் என்றார்.

"அந்தோணிசாமி?" என்று கேட்டேன்.

"வந்துட்டு இருக்காருங்கண்ணா. மெமோவை எடுத்துட்டாங்க. நிரந்தரம் பண்ணவும் எழுதியாச்சு." காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். "ஆனா எந்த டிராயிங்க குடுத்தாலும் மேல வந்துடறாருங்க. நாலு தரம், அஞ்சு தரம். ஒவ்வொரு அளவா வெரலை வெச்சுக் கேக்கறாரு. இது மூணுதானுங்களா மேடம், எழுதியிருக்குதுங்களா, நெசமாவே இருக்குதுங்களா, அப்படின்னு."

"சரியா எழுதலியோ?"

"பெருசாத்தானுங்கண்ணா எழுதியிருக்கேன்."